திசு வளர்ப்பில் வெட்டுக்காயமும் புது மொட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செடியின் சிறு துண்டை வெட்டி, பாட்டிலில் ஊடகம் என்ற சத்துக் கலவையில் வைத்து முழுச் செடியாக வளர்ப்பதுதான் திசு வளர்ப்பு. திசு வளர்ப்புக் கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேருபவர்களும், திசு வளர்ப்பு வாழைக்கன்று வாங்க வரும் விவசாயிகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாமே ஒரே இடத்தைச் சுற்றித்தான் வருகின்றன: கத்தி பட்ட இடத்தில் என்ன நடக்கிறது, அங்கிருந்து தளிர் எப்படிக் கிளம்புகிறது? ஹார்மோன் அளவைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. வெட்டைப் பற்றிக் கேட்பவர் குறைவு. திசுவைத் தயார் செய்வது வெட்டு, அதற்குத் திசை காட்டுவதுதான் ஹார்மோன். இது பிடிபட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை தானே வந்துவிடும்.

செடியின் காயம் ஆறுவதும் நம் காயம் ஆறுவதும் ஒன்றா?

இல்லை. நம் உடலில் காயம் பட்டால் செல்கள் நகர்ந்து வந்து இடத்தை நிரப்பும். செடியின் செல் ஒவ்வொன்றும் கெட்டியான சுவருக்குள் இருக்கிறது, அண்டைச் செல்லோடு ஒட்டியும் இருக்கிறது. அதனால் இருந்த இடத்தை விட்டு நகர முடியாது. நசுங்கிய செல் செத்ததுதான், அதை யாரும் வந்து மாற்றுவதில்லை. உயிரோடு மிஞ்சிய அடுத்த சில அடுக்குகள்தான் எல்லா வேலையையும் செய்ய வேண்டும்: முதலில் வெட்டுவாயை அடைக்க வேண்டும், அப்புறம் பிரிந்து பெருக வேண்டும்.

சமையலறையிலேயே இதைப் பார்க்கலாம். ஒரு உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, மூடிய டப்பாவில் ஈரத்துணி பக்கத்தில் வைத்துவிடுங்கள். முதல் நாள் வெட்டிய முகம் பிசுபிசுப்பாக இருக்கும். ஓரிரு நாளில் விரலால் தொட்டால் மெல்லிய காகிதம் போட்டதுபோல் உலர்ந்திருக்கும். மேல் அடுக்குச் செல்களின் சுவரில் சுபெரின் என்ற மெழுகு கலந்த பொருள் படிந்து, நீர் போவதையும் பூஞ்சை நுழைவதையும் தடுத்துவிட்டது. அதற்குக் கீழே உள்ள செல்கள் வெட்டிய முகத்துக்கு இணையாகப் பிரிந்து, செங்கல் அடுக்கியதுபோல் வரிசை கட்டும். ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் அது புதுத்தோலாகிவிடும். விதைக்கிழங்கை வெட்டியவுடன் நடாமல் சில நாள் ஆற வைப்பது இதற்காகத்தான்.

வெட்டிய முதல் சில நிமிடங்களில் என்ன நடக்கிறது?

நாம் நினைப்பதைவிட வேகமாகவே சேதி பரவுகிறது. உடைந்த செல்லிலிருந்து குளூட்டமேட் கசிகிறது, அது பக்கத்துச் செல்களின் கால்சியம் அளவை ஏற்றுகிறது. கால்சியம் பட்டால் ஒளிரும்படி மாற்றிய செடிகளில், ஓர் இலையைக் காயப்படுத்தியதும் அந்த ஒளி அலை, நீரும் உணவும் ஓடும் குழாய்த்திசு வழியாக மற்ற இலைகளுக்கு ஓடுவதை விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் படம் பிடித்துக் காட்டினார்கள். வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு. நரம்பே இல்லாத ஓர் உயிருக்கு அது பெரிய வேகம். அடுத்து ஜாஸ்மோனிக் அமிலம் கூடும், எத்திலீன் வரும், வெட்டுவாயில் ஆக்சின் சேரத் தொடங்கும். மூன்றும் செடியின் ஹார்மோன்கள். துண்டு ஊடகத்தைத் தொடுவதற்கு முன்பே இதில் பெரும்பகுதி தொடங்கிவிடுகிறது.

காயம்தான் செல்லைப் பிரிய வைக்கிறது என்பது எப்படித் தெரிந்தது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

காட்லீப் ஹேபர்லாண்ட் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் 1902-இல், தனிச் செல்களைப் பிரித்தெடுத்துச் சத்து நீரில் வளர்க்கப் பார்த்ததை வெளியிட்டார். செல்கள் வாரக்கணக்கில் உயிரோடு இருந்தன, பெரிதாகவும் ஆயின, ஆனால் ஒன்றுகூடப் பிரியவில்லை. அன்றைக்கு அது தோல்வி. ஆனாலும் எந்தத் தாவரச் செல்லுக்கும் முழுச் செடியாகும் திறன் இருக்க வேண்டும் என்று அவர் அப்போதே எழுதினார். திசு வளர்ப்புத் துறையே அந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

விட்ட இடத்திலிருந்து அவர் வேறு வழியில் நுழைந்தார். உருளைக்கிழங்கை மெல்லிய சீவல்களாகச் சீவிப் பார்த்தார். குழாய்த்திசுவின் ஒரு துணுக்கு இருந்த சீவல்களில் செல் பிரிந்தது, இல்லாதவற்றில் பிரியவில்லை. குழாய்த்திசுவிலிருந்து ஏதோ ஒரு பொருள் வருகிறது என்று புரிந்துகொண்டார். அடுத்து 1921-இல் நூக்கலை எடுத்துக்கொண்டார், நாம் சாம்பாரில் போடும் அதே நூக்கல்தான். வெட்டிய முகத்தை நன்றாகக் கழுவிவிட்டால் பிரிதல் வெகுவாகக் குறைந்தது. கழுவிய முகத்தில் நசுக்கிய திசுவைத் தடவினால் மீண்டும் வந்தது. செத்த செல்லின் சாறு உயிரோடு இருக்கும் செல்லைத் தூண்டுகிறது! அதற்குக் காய ஹார்மோன் என்று பெயர் வைத்தார்.

முப்பது ஆண்டு கழித்து விஸ்கான்சினில் ஃபோல்க் ஸ்கூக்கின் ஆய்வகத்தில் புகையிலைத் தண்டின் நடுச்சோற்றை மட்டும் எடுத்து ஆக்சின் கொடுத்தார்கள். செல் பெரிதானது, பிரியவில்லை. குழாய்த்திசுத் துண்டு ஒன்றை மேலே வைத்ததும் பிரிந்தது. ஹேபர்லாண்ட் கண்ட அதே காட்சி. அந்தப் பொருளைத் தேடிப் போனவர்கள்தான் 1955-இல் கைனெட்டினைக் கண்டுபிடித்தார்கள். அது கிடைத்தது எதிலிருந்து தெரியுமா? ஹெர்ரிங் மீனின் விந்தணு டிஎன்ஏவிலிருந்து. பழைய டிஎன்ஏ செல்லைப் பிரிய வைத்தது, புதிய டிஎன்ஏ பிரிய வைக்கவில்லை. புதியதை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி) சூடாக்கியதும் அதுவும் வேலை செய்தது. கைனெட்டின் சேர்ந்த சைட்டோகைனின் என்ற ஹார்மோன் குடும்பம் நமக்குத் தெரியவந்த கதை இது.

காலஸ் என்பது என்ன? வெறும் சதைப்பிண்டமா?

வெட்டுவாயில் வெளிர்மஞ்சளாகவோ பச்சையாகவோ பொருபொருவென்று திரண்டு வருவதுதான் காலஸ். எந்த வடிவமும் இல்லாத, எல்லாவற்றையும் மறந்துவிட்ட செல்களின் கூட்டம் என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொடுத்தார்கள். அது முழு உண்மை இல்லை. அராபிடாப்சிஸ் என்ற சிறு கடுகினச் செடியில் 2010-ஐ ஒட்டி நடந்த ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. ஹார்மோன் ஊடகத்தில் வரும் காலஸ் பெரும்பாலும் குழாய்த்திசுவைச் சுற்றியுள்ள ஒரு குறிப்பிட்ட அடுக்கிலிருந்து கிளம்புகிறது, அது பக்கவேர் உருவாகும் வழியையே பின்பற்றுகிறது. இலையிலிருந்தோ இதழிலிருந்தோ எடுத்த காலஸ்கூட உள்ளுக்குள் வேர் நுனியின் சாயலோடு இருக்கிறது. ஆகவே காலஸ் வெற்றுப் பலகை இல்லை. சில காலஸ் சுலபமாக வேர் விட்டுத் தளிர் விட அடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் வெட்டினாலே மொட்டு வந்துவிடுமா?

சில செடிகளில் வரும், பலவற்றில் வராது. இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். முருங்கைப் போத்தும் கரும்புக் கரணையும் துளிர்ப்பது கணுவில் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்த மொட்டினால். ரணகள்ளி இலை ஓரத்தில் குட்டிச்செடி வருவதும் அந்தப் பள்ளங்களில் காத்திருந்த செல்களால்தான். இலை செடியைப் பிரிந்ததும் அவை விழித்துக்கொள்கின்றன. திசு வளர்ப்பில் நாம் பெரிதாகப் பேசுவது வேறு: மொட்டே இல்லாத இடத்தில், இலைத் துண்டிலோ தண்டின் சோற்றிலோ, புதிதாக ஒரு மொட்டு உண்டாவது. அதற்கு வெட்டு மட்டும் போதாது, ஆனால் வெட்டு இல்லாமல் அது பெரும்பாலும் தொடங்குவதும் இல்லை.

காரணத்தின் ஒரு பகுதி தெரிந்துவிட்டது. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தினர் 2011-இல் விண்ட்1 என்ற மரபணுவைப் பற்றி எழுதினார்கள். காயம் பட்ட இடத்தில் அது விழித்துக்கொள்கிறது. அதை வலிந்து இயக்கினால் வெளியிலிருந்து ஹார்மோன் கொடுக்காமலேயே காலஸ் வருகிறது. அந்த விண்ட்1, தளிர் உருவாக உதவும் இன்னொரு மரபணுவை நேரடியாகத் தூண்டுவதை 2017-இல் காட்டினார்கள். வெட்டுக்கும் மொட்டுக்கும் நடுவே இருக்கும் பாலம் இது என்று சொல்லலாம்.

ஆக்சின், சைட்டோகைனின் விகிதம் என்கிறார்களே, அது என்ன?

ஸ்கூக்கும் கார்லோஸ் மில்லரும் 1957-இல் புகையிலைச் சோற்றில் காட்டியது. இரண்டு ஹார்மோனும் ஈடாக இருந்தால் காலஸ் பெருகும். ஆக்சின் மிஞ்சினால் வேர், சைட்டோகைனின் மிஞ்சினால் தளிர். சைட்டோகைனின் மிஞ்சும்போது காலஸின் சில திட்டுகளில் வுஷெல் என்ற மரபணு விழிக்கிறது, அந்தத் திட்டுதான் தளிர் நுனியாகத் திரள்கிறது. அந்த மரபணு கெட்டுப்போன செடியில் இப்படித் தளிர் வருவதில்லை.

ஒன்றை மறக்காதீர்கள். திசுவுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஹார்மோனும் கணக்கில் சேரும். பாட்டிலில் நாம் போடுவது பாதிக் கணக்குதான். அதனால்தான் ஒரே ஊடகத்தில் ஒரு ரகம் தளிர்க்கிறது, இன்னொன்று சும்மா உட்கார்ந்திருக்கிறது.

ஊடகத்தில் இளநீர் சேர்ப்பது ஏன்?

அதில் இயற்கையான சைட்டோகைனின் இருக்கிறது, சர்க்கரையும் அமினோ அமிலங்களும் இருக்கின்றன. ஊமத்தையின் இளங்கருவை வளர்க்க 1941-இலேயே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் இன்றும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு சேர்க்கிறார்கள். காய்க்குக் காய் மாறும் என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு முறையும் ஒரே பலன் வேண்டுமென்றால் அளந்து போடும் ஹார்மோனே நல்லது.

ஓர் இலைத் துண்டில் நாளுக்கு நாள் என்ன தெரியும்?

புகையிலையைச் சொல்கிறேன், எல்லோரும் முதலில் பழகுவது அதில்தான். ஒரு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, லிட்டருக்கு 1 மில்லிகிராம் பிஏபி (சைட்டோகைனின் வகை), 0.1 மில்லிகிராம் என்ஏஏ (ஆக்சின் வகை) போட்ட எம்எஸ் ஊடகத்தில் வைக்கிறோம். எம்எஸ் என்பது முராஷிகே, ஸ்கூக் இருவரும் 1962-இல் வெளியிட்ட உப்புக் கலவை.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் வாக்கில் துண்டு அப்பளம் பொரிவதுபோல் மெல்ல வளையும், ஓரங்கள் அகரை (ஊடகத்தைக் கூழாக உறைய வைக்கும் பொருள்) விட்டு எழும்பும். உள்ளே செல்கள் பெருக்கத் தொடங்கிவிட்டன என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். வாரம் ஒன்று ஆகும்போது வெட்டிய ஓரம் தடித்துக் கயிறு கட்டியதுபோல் தெரியும். பெரிய நரம்பு அறுபட்ட இடம் மற்ற இடத்தைவிடப் புடைத்திருக்கும். அங்கே குழாய்த்திசு இருக்கிறது, ஹேபர்லாண்டின் சீவலை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரக் கடைசியில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தத் தடிப்பின் மேல் கசகசா அளவில் கரும்பச்சைப் புள்ளிகள் தெரியும். காலஸின் பச்சை வெளிறி, பரவலாக இருக்கும். மொட்டின் பச்சை அடர்ந்து, ஒரே இடத்தில் பளபளக்கும். மூன்று நான்கு வாரத்தில் ஒவ்வொரு புள்ளியும் இரண்டு சிற்றிலைகளை விரித்து நிற்கும். எத்தனையோ தடவை பார்த்தாயிற்று, இன்னும் அந்தப் புள்ளிகளைத் தேடித்தான் காலையில் முதலில் ரேக் பக்கம் போகிறேன்.

துண்டைத் தலைகீழாக வைத்தால் கெட்டுவிடுமா?

கெடாது, ஆனால் செடிக்கு மேல் கீழ் மறப்பதில்லை. ஆக்சின் தண்டில் நுனியிலிருந்து அடி நோக்கி ஓடி அடிவெட்டில் தேங்குகிறது. அதனால் பொதுவாக அடிப்பக்கம் வேரும், மேல்பக்கம் தளிரும் வரும். புதியவர்கள் தண்டுத்துண்டைத் தட்டில் போட்டு உருட்டிவிட்டு எது மேல் எது கீழ் என்று தேடுவார்கள். மேல்வெட்டை நேராகவும் அடிவெட்டைச் சாய்வாகவும் போட்டுப் பழகினால் குழப்பம் இல்லை.

வாழையிலும் இதே முறைதானா?

இல்லை. வியாபார அளவில் வாழைக்குக் காலஸ் பக்கமே போவதில்லை. ஈட்டி இலைக் கன்றைத் தோண்டி, கிழங்கைச் சீவி, இலையுறைகளை உரித்து, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குருத்து மட்டும் மிஞ்சும்படி செய்து, கிருமி நீக்கி, பிஏபி உள்ள ஊடகத்தில் வைக்கிறோம். சில வாரத்தில் அது பருத்துப் பச்சையாகிறது. நுனி இருக்கும்வரை அதிலிருந்து இறங்கும் ஆக்சின் பக்கமொட்டுகளை அடக்கியே வைத்திருக்கும். அதனால் குருத்தை நடுவே நெடுக்கப் பிளக்கிறோம். நுனியின் ஆதிக்கம் போகிறது, பிஏபி துணைக்கு நிற்கிறது, இலையடிகளில் இருந்த மொட்டுகள் கிளம்புகின்றன. வெட்டிய கிழங்குப் பகுதியில் புது மொட்டுகளும் சேர்ந்து வரும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிரித்துப் பிரித்து வைத்தால் கொத்து பெருகிக்கொண்டே போகும்.

பிளக்கும்போது கை கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நுனிக்குமிழ் இரண்டு பாதியிலும் சமமாகப் போக வேண்டும் என்பதில்லை. ஆனால் கிழங்குச்சதை இரண்டிலும் இருந்தாக வேண்டும், அது இல்லாத பாதி வாடிவிடும்.

வெட்டிய இடம் கறுத்து, ஊடகமும் பழுப்பாகிறதே?

வெட்டிய வாழைக்காய் கறுப்பதும் இதுவும் ஒன்றுதான். செல் உடைந்ததும் உள்ளே தனியாக இருந்த ஃபீனால்கள் என்ற வேதிப்பொருள்களும் அவற்றை ஆக்சிஜனோடு சேர்க்கும் நொதியும் சந்தித்துவிடுகின்றன. அதில் உண்டாகும் பழுப்புப் பொருள் கிருமியைத் தடுக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு. பாட்டிலுக்குள் அதுவே திரும்பிப் பக்கத்துச் செல்லைக் கொல்கிறது. வாழை, மா, தேக்கு எல்லாவற்றிலும் இந்தத் தொல்லை உண்டு. வெட்டிய துண்டை அஸ்கார்பிக் அமிலமும் சிட்ரிக் அமிலமும் கலந்த நீரில் போட்டு வையுங்கள், முதல் சில நாள் இருட்டில் வையுங்கள், பழுப்பு பரவினால் தயங்காமல் புது ஊடகத்துக்கு மாற்றுங்கள். ஊடகத்தில் கரித்தூள் போடலாம். ஆனால் கரி ஃபீனாலோடு ஹார்மோனையும் உறிஞ்சிவிடும். ஆகவே தளிர் பெருக்கும் கட்டத்தில் நான் போடுவதில்லை, வேர்விடும் கட்டத்தில் மட்டும் போடுவேன்.

பிளேடு அவ்வளவு முக்கியமா?

ஆமாம். கூர் போன பிளேடு வெட்டுவதில்லை, நசுக்குகிறது. நசுங்கிய அடுக்கு தடிமனாகும், கறுப்பு கூடும், உயிருள்ள அடுக்கு ஊடகத்திலிருந்து தள்ளிப் போகும்.

சூடும் அப்படித்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவசரத்தில் சுடரில் காட்டிய பிளேடை ஆறவிடாமல் வெட்டிக்கொண்டே போனேன். ஏறக்குறைய நாற்பது பாட்டில். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் கிருமி ஒன்றுகூட இல்லை, எல்லாம் சுத்தம். ஆனால் எந்தத் துண்டின் ஓரத்திலும் தடிப்பு இல்லை, மொட்டு இல்லை, ஓரம் மட்டும் வெளுத்துக் காகிதம்போல் ஆகியிருந்தது. வெட்டுவாயில் பதில் சொல்ல வேண்டிய செல்களையே நான் வேகவைத்துவிட்டேன். அன்றிலிருந்து இரண்டு பிளேடு வைத்துக்கொள்கிறேன்: ஒன்று ஆறும்போது இன்னொன்று வேலை செய்யும்.

காலஸ் வழியாக வந்த கன்று தாய்போலவே இருக்குமா?

இருக்கலாம், மாறவும் செய்யலாம். காலஸில் நீண்டநாள் இருக்கும் செல்களில் குரோமோசோம் மாற்றங்கள் சேர்கின்றன. இதற்கு லார்கின், ஸ்கோக்ராஃப்ட் இருவரும் 1981-இல் உடல்செல் வேறுபாடு என்ற பொருளில் ஒரு பெயர் கொடுத்தார்கள். புது ரகம் தேடுபவருக்கு அது வரம், ஒரே மாதிரி ஆயிரம் கன்று கேட்கும் விவசாயிக்கு அது நட்டம். வாழையில் நேரடி மொட்டு வழியில் போனாலும் அளவுக்கு மேல் பிரித்து வைத்தால் மாறிய கன்று வரும். கேவண்டிஷ் வகைகளில் அடிக்கடி வருவது குட்டைக் கன்று. கன்று வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை சுற்றுப் பிரித்தீர்கள்? தாய்மரத்தை வைரஸுக்குச் சோதித்தீர்களா? இந்தியாவில் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறை 2006-இலிருந்து இருக்கிறது. அந்தச் சான்று இருக்கிறதா என்றும் பாருங்கள். முடிக்கொத்து நோயுள்ள தாயிலிருந்து எடுத்தால் எவ்வளவு சுத்தமாக வெட்டினாலும் நோயும் சேர்ந்தே பெருகும்.

பிஏபியைக் கூட்டினால் இன்னும் அதிக மொட்டு வருமா?

ஓரளவுக்கு வரும். அதற்கு மேல் மொட்டு பூக்கோசுபோல் குவியும், ஒன்றும் நீளாது. சில துண்டுகள் கண்ணாடிபோல் நீர்கோத்து நிற்கும், வெளியே எடுத்தால் வதங்கிவிடும். வாழையில் லிட்டருக்கு 2 முதல் 5 மில்லிகிராமுக்குள் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

காயம் வழியாகத்தான் மரபணுவும் நுழைக்கிறார்களாமே?

ஆமாம். அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா காயத்தில் கசியும் ஃபீனால்களை மோப்பம் பிடித்தே வருகிறது. தன் டிஎன்ஏவின் ஒரு துண்டைச் செடிச் செல்லுக்குள் அனுப்புகிறது. அந்தத் துண்டில் ஆக்சினும் சைட்டோகைனினும் செய்யும் மரபணுக்கள் இருப்பதால் அங்கே கட்டி எழும்புகிறது. கட்டி மரபணுக்களை எடுத்துவிட்டு, நமக்கு வேண்டியதை வைத்து, புகையிலை இலைத்துண்டை அதில் நனைத்துத் தளிர் எடுக்கும் எளிய முறை 1985-இல் வந்தது. மேலே சொன்ன அதே ஓரம், அதே தடிப்பு, அதே பச்சைப் புள்ளிகள்.

ஆய்வகம் இல்லாமல் வீட்டில் இதைப் பார்க்க முடியுமா?

கிருமி நீக்கிய வளர்ப்பு வீட்டில் கஷ்டம், ஆனால் காயத்திலிருந்து புது மொட்டு வருவதைப் பார்க்கலாம். இலைக்காக வளர்க்கும் பிகோனியாவின் முற்றிய இலை ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் பெரிய நரம்புகளைப் புது பிளேடால் நான்கைந்து இடத்தில் குறுக்கே அறுங்கள். ஈர மணலில் அந்தப் பக்கம் படும்படி வைத்து, நகராமல் சிறு கூழாங்கல் வைத்து, மேலே கண்ணாடிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுங்கள். வெயில் நேரே படக்கூடாது. சில வாரத்தில் அறுத்த இடங்களில் வேரும், அதை ஒட்டி மடிந்த சிற்றிலைகளும் வரும். அறுக்காத நரம்பில் அனேகமாக ஒன்றும் இருக்காது.